காணும் புகையும் காணாத புகையும்



ஒரு கூடை நிலக்கரியை அடுப்பிலிட்டு எரித்தால் நமக்குக் கிடைப்பது வெப்பம் மட்டுமன்று. அதனின்றும் இருவகைப் புகை எழுகின்றது. ஒன்று கண்ணுக்குத் தெரிவது. கரித்துகளும் கந்தக நெடியும் கலந்தது. அது கண்ணைக் கரிக்கும்; தொண்டையைக் கமறச் செய்யும்; கொடியில் உலரும் வெள்ளை வேட்டியைக் கறுக்க வைக்கும். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது. நிறமும் மணமும் அற்ற கரியமிலவாயு அது. அதனால் யாரும் இருமுவதில்லை. ஆனால் அது வானில் நூற்றாண்டுக் கணக்காகத் தங்கி, இந்தப் பூமியைச் சிறிது சிறிதாகச் சூடேற்றிக்கொண்டே இருக்கின்றது. முதற்புகையை மனிதன் ஏறக்குறைய எழுநூற்றைம்பது ஆண்டுகளாக வைது வருகின்றான். இரண்டாவது புகையைப் பற்றி அரசாங்கங்கள் கவலை கொள்ளத் தொடங்கியதோ நேற்றுத்தான் என்று சொல்லிவிடலாம்.

இன்று நாடுகள் பலவும் கரியமிலவாயுவைக் குறைப்பதற்குச் சட்டம் இயற்றுகின்றன, வரி விதிக்கின்றன, அனல்மின் நிலையங்களை மூடுகின்றன. அப்போதெல்லாம் தவறாமல் ஓர் ஆட்சேபம் எழும். "செலவு நமக்கு, அதுவும் இன்றைக்கு. பயனோ எங்கோ இருக்கும் யாருக்கோ. அதுவும் நூறாண்டு கழித்து. இந்த வாணிகம் யாருக்குக் கட்டும்?" என்பதே அந்த ஆட்சேபம். இதைக் கேட்பவர்களை மூடர் என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு மாநகரத்தின் வரலாறு விடை வைத்திருக்கின்றது. அதைக் கேட்டபின் நீங்களே தீர்ப்புக் கூறுங்கள். அந்த மாநகரம் இலண்டன்.

இலண்டனுக்கு நிலக்கரி வடக்கே நியூகாசில் பகுதியிலிருந்து கப்பலில் வந்தது. கடல்வழி வந்தமையால் அதனைக் 'கடற்கரி' என்றே அழைத்தார்கள். பக்கத்துக் காடுகள் அழிந்து விறகு விலையேறியபோது, சுண்ணாம்புக் காளவாய்க்காரர்கள் இந்தக் கரிக்கு மாறினார்கள். நாற்றம் பொறுக்காத மக்கள் முறையிட்டார்கள். 1257-ஆம் ஆண்டில், மூன்றாம் ஹென்றியின் பட்டத்தரசி எலினார், நாட்டிங்காம் நகரில் தங்கியிருக்கையில் கரிப்புகை தாங்காமல் ஊரை விட்டே வெளியேறினாள். 1306-இல் முதலாம் எட்வர்டு மன்னன், இலண்டன் காளவாய்களில் கடற்கரி எரிக்கலாகாது என்று ஆணை பிறப்பித்தான். அரசியால் ஊரை விட்டுப் போக முடிந்தது. அரசனால் ஆணையிட முடிந்தது. கரி மட்டும் போகவில்லை. ஏனெனில் அதற்கு மாற்றாக மலிவான வேறொரு எரிபொருளை எந்த ஆணையும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

1661-இல் ஜான் ஈவ்லின் என்ற அறிஞர் இரண்டாம் சார்லஸ் மன்னனுக்கு ஒரு சிறுநூலைக் காணிக்கையாக்கினார். 'ஃபியூமிஃபூஜியம்' என்பது அதன் பெயர். அரண்மனைக்குள்ளேயே புகை புகுந்து ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமற் போவதை அவர் கண்டிருந்தார். பீர் காய்ச்சுவோர், சாயமிடுவோர், சுண்ணாம்பு சுடுவோர், சவுக்காரம் காய்ச்சுவோர் ஆகியோரின் உலைகளை நகருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். நகரைச் சுற்றி நறுமணச் செடிகளை நட வேண்டும் என்பன அவர் தந்த யோசனைகள். மன்னன் மகிழ்ந்து, சட்ட மசோதா எழுதிவரச் சொன்னான். அதோடு சரி. சட்டம் வரவில்லை.

ஈவ்லின் நூலை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கென்னவோ, அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்த வேறொரு நூலே பெரிதாகத் தோன்றுகின்றது. அதை எழுதிய ஜான் கிராண்ட் ஒரு துணி வியாபாரி. இலண்டனில் வாரந்தோறும் அச்சிட்ட மரணப் பட்டியல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, எத்தனை பேர் எந்நோயால் இறந்தார்கள் என்று கணக்குப் பார்த்தவர் அவர். நாட்டுப்புறத்தைவிட இலண்டனில் சாவு மிகுதியாயிருப்பதைக் கண்டு, அதற்குரிய காரணங்களுள் கடற்கரிப் புகையையும் சேர்த்தார். ஈவ்லின் புகையை மூக்கால் அறிந்தார். கிராண்ட் அதைக் கணக்கால் அறிந்தார். மூக்கின் சாட்சியத்தை மறுத்துவிடலாம். ஆனால் சுடுகாட்டுக் கணக்கை மறுப்பது அவ்வளவு எளிதன்று. காற்றின் வரலாற்றில் இனி வரும் திருப்பங்கள் யாவும் இந்தத் துணி வியாபாரியின் வழியில் வந்தவையே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி எந்திரம் வந்தது, ஆலைகள் பெருகின. 1853-இல், உள்நாட்டு அமைச்சராயிருந்த பாமர்ஸ்டன் பிரபுவின் முயற்சியால் இலண்டன் புகைத் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. அது ஆலைகளின் உலைகளை மட்டுமே கட்டுப்படுத்தியது. வீட்டுக்கணப்பை அது தொடவில்லை. குளிர்நாட்டில் கணப்பு என்பது வெறும் அடுப்பன்று; குடும்பமே கூடியமரும் இடம்; ஏறக்குறைய நம் வீட்டு நடுமுற்றம் போன்றது. கொழுந்துவிட்டெரியும் கரிநெருப்பு ஆங்கிலேயனின் பிறப்புரிமையென்று அவர்கள் கருதினார்கள். ஆலை முதலாளியின்மேல் வழக்குத் தொடரலாம். பாட்டியின் கணப்பின்மேல் எவன் கைவைப்பான்? இப்படியாக, இலட்சக்கணக்கான வீட்டுப் புகைபோக்கிகள் கேட்பாரற்று நின்றன. 1905-இல் டே வோ என்ற மருத்துவர், புகையையும் மூடுபனியையும் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்களை ஒட்டி 'ஸ்மாக்' என்ற புதுச்சொல்லை வழங்கச் செய்தார். நாம் அதைப் புகைப்பனி என்போம்.

இதே இலண்டனில்தான் காணாத புகையின் கதையும் தொடங்கிற்று என்பது வரலாற்றின் ஒரு வேடிக்கை. 1859-இல், ஆல்பெமார்ல் தெருவிலுள்ள ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வுக்கூடத்தில் ஜான் டிண்டல் என்பார், ஒரு நீண்ட குழாயில் வாயுக்களை நிரப்பி, வெப்பக் கதிர்களை அவை எவ்வளவு விழுங்குகின்றன என்று அளந்தார். கரியமிலவாயு வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவது அங்கே உறுதியாயிற்று. 1938-இல் கை காலண்டர் என்ற நீராவிப் பொறியியலறிஞர், உலகெங்கும் 147 நிலையங்களின் வெப்பநிலைப் பதிவுகளைத் தம் கையாலேயே கணக்கிட்டு, பூமி சூடாகிவருகின்றது என்றும், நாம் எரிக்கும் கரியே அதற்குக் காரணமென்றும், இலண்டன் வானிலைக் கழகத்தின் முன் வாதித்தார். அவையோர் அதை முழுதும் ஏற்கவில்லை. காலண்டரும் அதைத் தீமையென எண்ணவில்லை; பனியூழி திரும்பி வராமல் தடுக்கும் நன்மையென்றே கருதினார். அவருடைய அளவும் கணக்கும் பெரும்பாலும் சரியாக நின்றுவிட்டன. நன்மை என்ற முடிவுதான் நிற்கவில்லை.

இனி, காணும் புகைக்கே திரும்புவோம். 1930 டிசம்பரில் பெல்ஜியம் நாட்டின் மியூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஆலைகள் நெருங்கிய ஒரு பகுதியில், புகைப்பனி சில நாட்கள் அசையாது நின்றது. ஏறக்குறைய 60 பேர் இறந்தனர். அந்தச் சாவுகளை ஆராய்ந்தவருள் ஒருவர் ழான் ஃபிர்கே என்ற மருத்துவப் பேராசிரியர். 1936-இல் வெளியான கட்டுரையில் அவர் ஓர் எளிய விகிதக் கணக்குப் போட்டார். இதே நிலை இலண்டனுக்கு நேர்ந்தால், அங்குள்ள மக்கள்தொகைக்கு ஏற்ப, திடீரென்று 3200 பேர் சாவார்கள் என்றார். பள்ளிக்கூடத்துப் பையனும் போடக்கூடிய கணக்கு அது. இலண்டனில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. 1952 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. கடுங்குளிர். எல்லா வீடுகளிலும் கணப்பு எரிகின்றது. போருக்குப் பின் கடன்பட்டிருந்த பிரிட்டன், நல்ல கரியை வெளிநாட்டுக்கு விற்றுவிட்டு, தூளும் கட்டியுமான மட்டக் கரியைத் தன் மக்களுக்கு மலிவாக விட்டிருந்தது. காற்றும் அன்று நின்றுவிட்டது. வழக்கமாகத் தரையோரக் காற்றுச் சூடாகி மேலெழும்; புகையையும் உடன் கொண்டுபோகும். அன்றோ, தரையோரத்தில் குளிர்காற்றும் அதன்மேல் வெப்பக் காற்றும் படிந்து, பானைக்கு மூடியிட்டாற்போல் ஆயிற்று. இதை நம் ஊரிலும் காணலாம். போகிப் பண்டிகையன்று விடியற்காலையில் சென்னைத் தெருக்களில் பழம்பாயும் கந்தலும் டயரும் எரிக்கும் புகை மேலே போகாமல், மார்கழிப் பனியோடு கலந்து தெருவிலேயே நின்றுவிடுகின்றதன்றோ? மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் காத்திருந்த போகிகளும் உண்டு. நமக்குச் சூரியன் எழுந்ததும் மூடி திறந்துவிடும். இலண்டனில் அந்த மூடி ஐந்து நாட்கள் திறக்கவில்லை.

நாளொன்றுக்கு 1000 டன் புகைத்துகளும் 370 டன் கந்தக டையாக்சைடும் நகரின் மேல் குவிந்தன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கந்தகம் பனித்துளியிற் கரைந்து கந்தக அமிலமாயிற்று. பஸ்களுக்கு முன்னால் கண்டக்டர்கள் கையில் விளக்கேந்தி நடந்தார்கள். பிறகு பஸ்களே நின்றுபோயின. தரைக்கடியில் ஓடும் இரயில் மட்டும் ஓடிற்று. சாட்லர்ஸ் வெல்ஸ் நாடகசாலையில் இசைநாடகம் நடந்துகொண்டிருக்கையில் புகை உள்ளே புகுந்து, மேடை தெரியாமற்போக, ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். ஏர்ல்ஸ் கோர்ட்டில் நடந்த கால்நடைக் கண்காட்சிக்கு வந்த பரிசு மாடுகள் சில மூச்சுத்திணறி மாண்டன. மனிதர் சாவதை உலகம் உடனே உணரவில்லை. மாடுகள் செத்தது உடனே தெரிந்தது. ஏனெனில் மாடுகள் ஓரிடத்தில் செத்தன. மனிதர்களோ தத்தம் வீட்டுப் படுக்கையில், ஆஸ்பத்திரிகளில், தனித்தனியே செத்தார்கள். முதியோரும் குழந்தைகளும் நெஞ்சுநோயுள்ளவர்களுமே பெரும்பாலோர். டிசம்பர் 9-ஆம் நாள் மேல்காற்று வீசிப் புகைப்பனி கலைந்தது. பின்னர் வாரந்தோறும் வரும் மரணப் பட்டியல்களைக் கூட்டிப் பார்த்தபோது, வழக்கத்தைவிட ஏறக்குறைய 4000 பேர் கூடுதலாக இறந்திருந்தது தெரிந்தது. ஃபிர்கே சொன்னது 3200.

அடுத்த சில மாதங்களிலும் சாவு குறையவில்லை. அது இன்ஃபுளுயென்சாக் காய்ச்சலின் வேலை என்று அரசாங்கம் கூறிற்று. 2001-இல் மிஷெல் பெல், டெவ்ரா டேவிஸ் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பழைய பதிவுகளை மீண்டும் எடுத்து ஆராய்ந்து, காய்ச்சலால் மட்டும் அவ்வளவு சாவு நேர்ந்திருக்க இயலாது என்றும், அந்தப் புகையால் மாண்டவர் தொகை ஏறக்குறைய 12,000 இருக்கலாமென்றும் முடிவு கட்டினார்கள். அரை நூற்றாண்டு கழித்துச் செத்தவர் கணக்கு மும்மடங்காயிற்று!

அரசாங்கம் உடனே விழித்தெழுந்தது என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டுவசதி அமைச்சராயிருந்த ஹரால்டு மாக்மில்லன் 1953-இல் சக அமைச்சர்களுக்கு எழுதிய குறிப்பில், இதில் நாம் அதிகம் செய்வதற்கில்லை, ஆனால் மிகவும் சுறுசுறுப்பாயிருப்பதுபோல் தோற்றமளிக்கலாம் என்ற கருத்தை எழுதியிருந்தார். அந்தத் தோற்றத்துக்காக அமைத்த குழுதான் சர் ஹியூ பீவர் தலைமையில் அமைந்தது. பொறியியலாளரான பீவர் அதை மெய்யாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்! 1954 நவம்பரில் வெளியான அவரது அறிக்கை இரண்டு செய்திகளை நிலைநாட்டியது. வீடுகளில் எரிந்தது நாட்டின் கரியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே. ஆனால் புகையில் ஏறக்குறைய பாதி அங்கிருந்துதான் வந்தது. இது ஒன்று. மாசுபட்ட காற்றால் நாட்டுக்கு ஆண்டுதோறும் 25 கோடி பவுன் நட்டம் என்பது மற்றொன்று. கட்டடம் அரிப்பது, துணி வெளுப்பது, பயிர் கெடுவது, வேலை நாள் வீணாவது எல்லாம் அக்கணக்கில் அடங்கும். தூய காற்று ஒரு செலவு என்று எண்ணியிருந்தவர்களிடம், அழுக்குக் காற்றுக்கு ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அவர் எடுத்துக்காட்டினார்.

அரசாங்கம் இன்னும் தயங்கியபோது, ஆளுங்கட்சி உறுப்பினரான ஜெரால்டு நபாரோ தாமே ஒரு தனியார் மசோதாவைக் கொண்டுவந்து நெருக்கினார். 1956 ஜூலை 5-ஆம் நாள் தூய காற்றுச் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. இதன் புதுமை, அது கடைசியில் வீட்டுக்கணப்பைத் தொட்டதே. நகரசபைகள் புகையில்லாப் பகுதிகளை வகுக்கலாம். அங்கே புகையும் கரியை எரிக்கலாகாது. நிலக்கரியை வாட்டி வாயுவைப் பிரித்தபின் எஞ்சும் கற்கரி, எரிவாயு, மின்சாரம் ஆகியவையே எரிக்கத்தக்கவை. கணப்பை மாற்றும் செலவிலோ பத்தில் ஏழு பங்கை மத்திய அரசும் நகரசபையும் ஏற்றன. எட்வர்டு மன்னன் ஆணைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். அவன் 'எரிக்காதே' என்றான். இவர்கள் 'அதை எரிக்காதே, இதை எரி. பணம் நாங்கள் தருகிறோம்' என்றார்கள். பிறகு வடகடலில் இயற்கை வாயு அகப்பட்டது. 1967-இலிருந்து பத்தாண்டுகளில் நாடு முழுவதும் வீட்டடுப்புகள் அதற்கு மாற்றப்பட்டன. அதே வெப்பத்துக்கு நிலக்கரி வெளிவிடும் கரியமிலவாயுவில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கைத்தான் இயற்கை வாயு வெளிவிடும். கரித்துகளும் கந்தகமும் அதில் இல்லையென்றே சொல்லலாம். யாரும் கரியமிலவாயுவை நினைத்து இதைச் செய்யவில்லை. நுரையீரலுக்காகச் செய்தார்கள், வானும் சிறிது பயனடைந்தது.

ஆனால் எல்லாம் இவ்வாறு இனிதாக முடியவில்லை. 1962 டிசம்பரில் இலண்டனில் மீண்டும் புகைப்பனி படிந்து சில நூறு பேரைக் கொண்டுபோயிற்று. கரித்துகள் குறைந்திருந்தும் கந்தகம் குறைந்திருக்கவில்லை. கந்தகத்துக்கு அவர்கள் கண்ட மருந்து உயரமான புகைபோக்கி. யார்க்ஷயரில் டிராக்ஸ் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி 259 மீட்டர் உயரம். புகை போயிற்று, எங்கே போயிற்று? கடல்தாண்டி நார்வேயிலும் ஸ்வீடனிலும் அமில மழையாய்ப் பெய்து, ஏரி மீன்களைக் கொன்றது. ஸ்வாந்தே ஓடேன் என்ற ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி 1960-களின் இறுதியில் இதை வெளிப்படுத்தினார். 1979-இல் ஜெனீவாவில் நாடுகள் கூடி உடன்படிக்கை செய்தபின்னரே வழி பிறந்தது. அழுக்கைத் துடைப்பது வேறு, அடுத்த வீட்டுக்குத் தள்ளுவது வேறு அல்லவா? கரி எரிவது குறையாமல் புகையை மட்டும் வடிகட்டுவதில் அல்லது விரட்டுவதில் இந்தத் தொல்லை எப்போதும் உண்டு. கரியமிலவாயுவையோ வடிகட்டுவதும் அரிது, விரட்டுவதும் வீண். எந்த ஊரில் விட்டாலும் உலகம் முழுவதும் பரவும் அது. அதைக் குறைக்க வேண்டுமானால் பெரும்பாலும் எரிப்பதையே குறைக்க வேண்டியிருக்கின்றது. எரிப்பது குறைந்தால் காணும் புகையும் தானே குறைகின்றது. கரியமிலவாயுக் கொள்கை நுரையீரலுக்கு மருந்தாவது இந்தக் காரணத்தினாலேதான்.

கரியை நிறுத்தினால் உயிர்கள் மெய்யாகவே பிழைக்கின்றனவா? அயர்லாந்தின் தலைநகரான டப்ளின் இதற்கு ஒரு சோதனைச்சாலையாக அமைந்தது. 1970-களில் எண்ணெய் விலை ஏறியபோது டப்ளின் மக்கள் கணப்புக்கு நிலக்கரியை நாடினார்கள். 1980-களில் குளிர்காலப் புகை இலண்டனின் பழைய நாட்களை நினைவூட்டியது. 1990 செப்டம்பர் 1 முதல் நகரில் புகையும் கரியை விற்பதே தடைசெய்யப்பட்டது. எரிப்பதை அன்று, விற்பதை. வீடுவீடாகச் சென்று அடுப்பைச் சோதிக்க வேண்டிய தேவை இல்லாமற்போயிற்று. அந்தக் குளிர்காலமே கரும்புகை வீழ்ந்தது. தடைக்கு முன்னும் பின்னுமுள்ள ஆறாறு ஆண்டுகளை ஒப்பிட்டால் ஏறக்குறைய 70 சதவீதம் குறைவு. லூக் கிளான்சி என்ற மார்புநோய் மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, மூச்சுநோய்ச் சாவுகள் 15 சதவீதமளவும், இதயநோய்ச் சாவுகள் 10 சதவீதமளவும் குறைந்தன என்று காட்டியது. பின்னர் 2013-இல் வேறு ஊர்களையும் சேர்த்துக் கடுமையாகச் சோதித்தபோது, இதயநோய்க் குறைவு நாடெங்கும் நிகழ்ந்த பொதுவான முன்னேற்றமே, கரித்தடையின் பயனென்று சொல்ல இயலாது என்று கண்டார்கள். மூச்சுநோய்ச் சாவு குறைந்தது மட்டும் அச்சோதனைக்கும் தாங்கி நின்றது. மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். நல்ல செய்தியையும் இரண்டாம் முறை உரசிப் பார்ப்பதுதான் விஞ்ஞானம். உரசியபின் எஞ்சிய பொன்னும் குறைவன்று.

இதற்குள் மருத்துவ அறிவும் வளர்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியும் கரும்புகையைவிடக் கொடியது, தலைமயிரின் கனத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கும் தேறாத நுண்துகள் என்று தெரிந்தது. 2.5 மைக்ரானுக்கும் சிறிய இத்துகள் மூக்கின் மயிரிலும் தொண்டைச் சளியிலும் சிக்காமல், நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை செல்லும். அங்கே அழற்சியை உண்டாக்கும். மிக நுண்ணியவை இரத்தத்திலும் புகும். அமெரிக்காவின் ஆறு நகரங்களில் எண்ணாயிரம் பேருக்கு மேற்பட்டவரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஹார்வர்டு ஆய்வு 1993-இல் வெளியாயிற்று. மிகத் தூய நகரைவிட மிக அழுக்கான நகரில் சாவு விகிதம் 26 சதவீதம் மிகுதி என்று அது காட்டியது. வானம் தெளிவாயிருந்தாலும் காற்று நஞ்சாயிருக்கலாம் என்று அன்று உலகம் அறிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இத்துகளுக்குரிய ஆண்டுச் சராசரி வரம்பைக் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்துவிட்டது.

இனி, இரு புகைகளும் ஒன்றுக்கொன்று பகையான ஒரு சந்தர்ப்பத்தையும் சொல்லாமல் விட்டால் நான் வழக்கறிஞனாவேனே தவிர வரலாற்றாளனாகேன். 2001-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் மோட்டார் வரியைக் கரியமிலவாயுவின் அளவுக்கேற்ப மாற்றியமைத்தது. டீசல் வண்டி ஒரே தூரத்துக்குப் பெட்ரோல் வண்டியைவிடக் குறைவான கரியமிலவாயுவை விடும். ஆகவே வரியும் குறைவு. மக்கள் டீசலுக்குத் திரும்பினார்கள். பத்தாண்டுகளில் புதிதாக விற்ற கார்களில் பாதி டீசல் கார்களாயின. ஆனால் டீசல் வெளிவிடும் நைட்ரஜன் டையாக்சைடும் நுண்துகளும் மிகுதி. போதாக்குறைக்கு, சோதனைச்சாலையில் மட்டும் சாதுவாக நடந்துகொள்ளும்படி தன் எந்திரங்களை வோக்ஸ்வேகன் கம்பெனி அமைத்திருந்தது 2015-இல் வெளிப்பட்டது. இலண்டன் தெருவோரங்களில் காற்று கெட்டது. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி 2013-இல் ஆஸ்துமாவால் இறந்தாள். அவள் வீடு நெருக்கமான சாலைக்கு அருகில் இருந்தது. 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, அவள் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று தீர்ப்பளித்தார். வானத்தை மட்டும் பார்த்துத் தெருவை மறந்த கொள்கைக்கு விலை யார் கொடுத்தது என்று இதற்குமேல் விளக்க வேண்டுவதில்லை. 2019 ஏப்ரலில் இலண்டனின் நடுப்பகுதியில், மிகுபுகை வண்டிகளுக்குக் கட்டணம் விதிக்கும் திட்டம் வந்தது. பலத்த எதிர்ப்புக்கிடையே 2023 ஆகஸ்டில் அது நகர் முழுவதற்கும் பரவிற்று.

இதற்கிடையில் மின்சாரத்தின் கதை அமைதியாக நடந்துகொண்டிருந்தது. உலகிலேயே நிலக்கரியால் பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்கிய முதல் நிலையம், 1882-இல் இலண்டன் ஹோல்பார்ன் பாலத்தருகே எடிசன் கம்பெனி நிறுவியது. 2008-இல் பருவநிலைச் சட்டம், 2013-இல் மின்நிலையங்கள் எரிக்கும் கரிக்குக் கூடுதல் விலை என்று காணாத புகைக்காகவே வகுத்த விதிகள் வந்தன. 2012-இல் பிரிட்டன் மின்சாரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் நிலக்கரியிலிருந்து வந்தது. 2024 செப்டம்பர் 30-ஆம் நாள் ராட்கிளிஃப் அனல்மின் நிலையம் மூடப்பட்டதும் அது சுழியாயிற்று. 142 ஆண்டுக் கணக்கு அன்று முடிந்தது. கந்தகத்தைப் பிடிக்க முன்னரே வந்த விதிகளும் இதுவும் சேர்ந்து, 1970-இல் அந்நாடு வெளிவிட்ட கந்தக டையாக்சைடில் 95 சதவீதத்துக்கு மேல் மறைந்துவிட்டது. ஸ்வீடன் ஏரிகளுக்கும் அதில் பங்குண்டு.

தொடக்கத்தில் கேட்ட கேள்வியை இப்போது எடுத்துக்கொள்வோம். பயன் யாருக்கு, எப்போது? காற்றிலுள்ள துகளை மழையும் காற்றும் சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் கழுவிவிடுகின்றன. ஆகவே இன்று அடுப்பை அணைத்தால் அடுத்த வாரமே, அதே தெருவில், மூச்சு எளிதாகின்றது. டப்ளினில் ஒரே குளிர்காலத்தில் கண்டது அதைத்தான். கரியமிலவாயுவோ நூற்றாண்டுகள் தங்குவது. அதைக் குறைத்த பயனை நம் பேரர்தாம் காண்பார்கள். ஒரே செலவுக்கு இரண்டு வரவு. ஒன்று கைமேல், மற்றொன்று தவணையில். கைமேல் வரும் வரவைக் கணக்கில் சேர்க்காமலே நெடுங்காலம் நாம் 'கட்டுமா, கட்டாதா' என்று வாதாடிவந்தோம். 2013-இல் ஜேசன் வெஸ்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவர் குழுவினரும் அதைச் சேர்த்துப் பார்த்தார்கள். உலகம் கரியமிலவாயுவை ஓரளவு முயன்று குறைத்தால், அதனால் காற்றுத் தூய்மையாகித் தவிர்க்கப்படும் அகாலச் சாவுகள் 2030-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 5 இலட்சம், 2050-ஆம் ஆண்டில் 13 இலட்சம் என்பது அவர்கள் மதிப்பீடு. குறைக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் உடல்நலத்தால் வரும் பயன் 50 முதல் 380 டாலர் வரை பெறும் என்றும் அவர்கள் கூறினார்கள். உயிருக்கு விலைபோடும் இத்தகைய கணக்கில் எனக்கு முழு உவப்பில்லை. 50-க்கும் 380-க்கும் இடையிலுள்ள தூரமே அதன் நிச்சயமின்மையைச் சொல்லும். ஆயினும் வரவுப் பத்தியை வெறுமையாக விட்டுவைப்பதைவிட அது நேர்மையானது. துணி வியாபாரி கிராண்ட் இதைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இன்று இலண்டனில் வீட்டுக்கணப்பு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். புகையும் வீட்டுக்கரி விற்பனை 2023 மே மாதத்தில் இங்கிலாந்து முழுவதும் நின்றது. எட்வர்டின் ஆணைக்கு 717 ஆண்டுகள் கழித்து. ஆனால் வசதியுள்ள வீடுகளில் இப்போது விறகடுப்பு நாகரிகமாகியிருக்கின்றது. மரம் மீண்டும் வளருமாதலால் வானுக்குக் கேடில்லை என்று அதை விற்பவர்கள் கூறுகிறார்கள். அந்நாட்டில் வண்டிகளின் குழாய்களிலிருந்து வெளிவரும் நுண்துகளைவிட, இந்த அழகிய அடுப்புகளிலிருந்து எழும் நுண்துகள் இன்று மிகுதி.